தலைநகரின் பொது இடங்கள்: வரைபடத்தில் பச்சை, நடைமுறையில்?

2019 டிசம்பர் 21-ஆம் தேதி தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு பொது அறிவிப்பை வெளியிட்டது. குடியரசுத் தலைவர் மாளிகையையும் இந்தியா கேட்டையும் ஒட்டிய சில மனைகளின் நிலப் பயன்பாட்டை மாற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் 30 நாள்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. மனையின் எண், பரப்பளவு, இருக்கும் பயன்பாடு, உத்தேசப் பயன்பாடு என்ற அளவோடு அறிவிப்பு நின்றுவிட்டது. அந்த மனைகளில் எழப் போவது என்ன, அது எத்தனை மாடி, எத்தனை மரங்கள் இடம்பெயரும் என்பதைச் சொல்லும் வரைபடமோ விளக்கக் குறிப்போ அதனுடன் இல்லை.

ஆயினும் 1,292 ஆட்சேபங்களும் யோசனைகளும் வந்து சேர்ந்தன. 2020 பிப்ரவரி 6, 7 ஆகிய இரண்டே நாள்களில் அவற்றின் மீதான விசாரணை முடிந்தது. மார்ச் 20-ஆம் தேதி நிலப் பயன்பாட்டு மாற்றம் அரசிதழில் வெளியாயிற்று. அடுத்த சில நாள்களில் கரோனா ஊரடங்கு நாட்டையே முடக்கியது. தலைநகரின் நடுநாயகமான சுமார் 86 ஏக்கர் நிலத்தின் எதிர்காலம் மூன்றே மாதங்களில் முடிவு செய்யப்பட்டது இப்படித்தான்.

சென்ட்ரல் விஸ்டா மறுசீரமைப்பு என்ற அந்தத் திட்டம் பற்றிய சர்ச்சை, புதிய நாடாளுமன்றக் கட்டடம் தேவையா, அதன் செலவு எவ்வளவு என்பதைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. புதிய கட்டடம் 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டதும் சர்ச்சையும் ஓய்ந்தது. ஆனால் கட்டடத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதன் நிழலில் மறைந்துபோனது. ஒரு நகரின் திறந்தவெளி எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? அங்கு உட்கார்ந்து இளைப்பாறுகிறவருக்கு அதில் என்ன பங்கு?

வண்ணங்களின் அரசியல்

நகரமைப்புத் திட்டம் என்பது முதலில் ஒரு வண்ண வரைபடம். குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒன்று, அரசு அலுவலகங்களுக்கு இன்னொன்று. பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி ஆகியவற்றுக்குப் பச்சை. தில்லியின் முதல் பெருந்திட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. 2001-ஐ இலக்காகக் கொண்ட இரண்டாவது திட்டம் 1990-இலும், 2021-க்கான மூன்றாவது திட்டம் 2007 பிப்ரவரியிலும் வெளியாயின. ஒரு துண்டு நிலத்தின் பச்சை நிறத்தை மாற்ற வேண்டுமானால், 1957-ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டத்தின் 11-ஏ பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். குடிமக்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் அது ஒன்றுதான்.

அந்த வாசலுக்குள் நுழைந்தாலும் எதிரே அமர்ந்திருப்பவர் வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் துணைநிலை ஆளுநர். ஆணையம் மத்திய அரசின் அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டது. தில்லிக்குச் சட்டப்பேரவை உண்டு என்றாலும், அரசியல் சட்டத்தின் 239-ஏஏ பிரிவு பொது ஒழுங்கு, காவல்துறை ஆகியவற்றுடன் நிலத்தையும் அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. 74-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணையோ, உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளில் முதலாவதாகவே நகரமைப்பைக் குறிப்பிடுகிறது. பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டிடங்கள் ஆகியவற்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. தலைநகரில் மாநகராட்சி உறுப்பினர் தம் வார்டுப் பூங்காவில் விளக்குப் போடலாம்; அந்தப் பூங்கா பூங்காவாகவே நீடிக்குமா என்பதை அவர் தீர்மானிக்க இயலாது. மாநில உரிமை பற்றி நாளெல்லாம் பேசும் கட்சிகள்கூட இந்த முரண்பாட்டை அதிகம் கண்டுகொண்டதில்லை.

இரு தீர்ப்புகள்

சென்ட்ரல் விஸ்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 5-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மூவர் அமர்வில் நீதிபதிகள் ஏ.எம்.கன்வில்கர், தினேஷ் மகேஸ்வரி ஆகியோர் திட்டத்துக்கு அனுமதி அளித்தனர். சட்டம் கோரும் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது. அதற்கு மேலான கலந்தாலோசனையை நீதிமன்றம் தானாக வலியுறுத்த முடியாது. ஆட்சி செய்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது நீதிபதியான சஞ்சீவ் கன்னா, ஆலோசகர் நியமனம் போன்றவற்றில் மற்ற இருவருடன் உடன்பட்டார். நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் வேறுபட்டார். சாதாரண மனிதர் புரிந்துகொண்டு கருத்துச் சொல்லும் அளவுக்குத் தகவல் தரப்படவில்லை என்றும், பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் முன் அனுமதி பெறப்படவில்லை என்றும் அவர் கூறினார். மார்ச் 20 அறிவிக்கையை ரத்து செய்து, விவரங்களை முழுமையாக வெளியிட்டு மக்கள் கருத்தை மீண்டும் கேட்க வேண்டும் என்பது அவரது முடிவு. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது செல்லாமல் போனது.

1991-இல் இதே உச்ச நீதிமன்றம் பெங்களூர் வழக்கு ஒன்றில் கொண்ட நிலையை இங்கு நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனையை முதலமைச்சரின் உத்தரவுப்படி தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகள் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்கள் நலனுக்கானதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. திறந்தவெளி மக்களுக்காக ஒதுக்கப்பட்டது, அதைக் காக்க வழக்குத் தொடுக்கும் உரிமை அங்கு வசிப்போருக்கு உண்டு என்று கூறி அந்த ஒதுக்கீட்டை நீதிமன்றம் ரத்து செய்தது. முப்பது ஆண்டுகளில் காற்று எத்திசைக்கு மாறியிருக்கிறது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உணரலாம்.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய நாடாளுமன்றக் கட்டடம் 1927-இல் திறக்கப்பட்டது, இடநெருக்கடி உண்மையானது. நகரெங்கும் சிதறிக் கிடக்கும் அமைச்சகங்களை ஓரிடத்தில் திரட்டினால் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி ரூபாய் வாடகை மிச்சமாகும் என்றும், மக்களுக்கான இடம் குறையாது, கூடவே செய்யும் என்றும் அரசு வாதிட்டது. அப்படியானால் அந்தக் கணக்கை வரைபடத்தோடு மக்கள் முன் வைப்பதில் என்ன தடை இருந்தது? இதற்கு விடை கிடைக்கவில்லை.

புல்வெளியில் யார்?

ராஜபாதையின் இருபுறமும் விரிந்த புல்வெளியை லட்யன்ஸ் மக்களுக்காக வரையவில்லை. பேரரசின் கம்பீரத்தைக் காட்டும் ஊர்வலப் பாதை அது. அதன் பெயரே கிங்ஸ்வே. 1931-இல் புது தில்லி திறக்கப்பட்டபோது அங்கு குடும்பத்தோடு கோடைகால இரவில் ஐஸ்கிரீம் சாப்பிட வருவோரை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு மக்களே அந்த இடத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். முட்டுச்சந்துகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் வசிப்போருக்கு, கட்டணமின்றிக் காற்று வாங்க நகரில் அதைவிடப் பெரிய இடம் இல்லை.

2022 செப்டம்பர் 8-ஆம் தேதி கர்த்தவ்ய பாதை என்ற புதிய பெயருடன் அது திறந்துவைக்கப்பட்டது. வடிவமைப்பைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 15.5 கிலோமீட்டர் நடைபாதை, கால்வாய்களின் மீது 16 பாலங்கள், கழிப்பறைகள், சாலையைக் கடக்கச் சுரங்க நடைபாதைகள், 1,125 வாகனங்களுக்கு நிறுத்துமிடம். முன்பு மழை பெய்தால் சேறாகும் இடத்தில் இப்போது முதியோரும் தடுக்காமல் நடக்கலாம். மாலை வேளைகளில் கூட்டம் நிரம்புகிறது.

எனினும் யார் எங்கு நிற்கலாம் என்பது முன்னைவிடத் திட்டவட்டமாக வரையப்பட்டிருக்கிறது. ஐந்து விற்பனைப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 40 வியாபாரிகள், புல்வெளிக்குள் விற்பனை கூடாது என்று திறப்பின்போது அறிவிக்கப்பட்டது. மொத்தம் 200 பேர். பலூனும் பேல்பூரியும் சுமந்து புல்வெளி முழுவதும் சுற்றிப் பிழைத்தவர்களில் அந்த எண்ணிக்கைக்குள் அடங்காதவர்களைப் பற்றி வரைபடம் பேசுவதில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் முன்பே நிகழ்ந்துவிட்டது. 1988 அக்டோபரில் மகேந்திர சிங் டிகாயத் தலைமையில் லட்சக்கணக்கான விவசாயிகள் இதே ராஜபாதையை ஒட்டிய போட் கிளப் புல்வெளியில் மாடுகளுடனும் கயிற்றுக் கட்டில்களுடனும் நாள் கணக்கில் முகாமிட்டனர். ஆட்சியாளர்கள் ஜன்னலைத் திறந்தாலே கண்ணில் படும் தொலைவு அது. 1990-களில் போட் கிளப்பில் போராட்டங்களுக்குத் தடை வந்தது. ஜந்தர் மந்தர் சாலையின் ஓரம் மாற்றிடமாகக் காட்டப்பட்டது. தமிழக விவசாயிகள் 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் மண்டையோடுகளுடன் 41 நாள்கள் அமர்ந்திருந்தது அந்தச் சாலையோரத்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஒலி மாசைக் காரணம் காட்டித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கும் போராட்டங்களை நிறுத்த உத்தரவிட்டது. இரண்டு இடங்களிலும் முற்றிலுமாகத் தடை விதிக்க முடியாது, நெறிமுறைகளை வகுத்து அனுமதிக்க வேண்டும் என்று 2018 ஜூலை 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது.

நிழற்குடையும் நீரூற்றும் பொது இடத்தை அழகாக்கலாம். குறை சொல்லவும் அங்கு இடமிருந்தால்தான் அது பொது இடம். தலைநகரில் இந்த இரண்டாவது பயன்பாட்டுக்கு எந்தப் பெருந்திட்டத்திலும் ஒரு நிறம் ஒதுக்கப்படவில்லை.

நதிக்கரையில் நடந்தது

யமுனைக் கரையின் கதை இன்னும் கசப்பானது. வஜீராபாத் முதல் ஓக்லா வரை தில்லிக்குள் சுமார் 22 கிலோமீட்டர் ஓடும் நதியின் இரு மருங்கிலும் உள்ள வெள்ளச் சமவெளி, நகரின் மிகப் பெரிய திறந்தவெளி. அங்கு யமுனா புஷ்தா என்ற பெயரில் பரவியிருந்த பல்லாயிரம் குடிசைகள் 2004-இல் இடித்து அகற்றப்பட்டன. நதியை மாசுபடுத்துகிறார்கள், நதியின் இடத்தை ஆக்கிரமித்துள்ளார்கள் என்பது குற்றச்சாட்டு. மாற்றிடம் கிடைத்தவர்களும், கட்டட வேலையும் வீட்டு வேலையும் கிடைக்கும் நகரின் நடுவிலிருந்து வடமேற்கு விளிம்பிலுள்ள பவானா போன்ற இடங்களுக்குத் தள்ளப்பட்டனர்.

அடுத்த ஆண்டே, 2005 நவம்பரில், அதே நதியின் கிழக்குக் கரையில் அக்ஷர்தாம் கோயில் வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு அருகிலேயே 2010 காமன்வெல்த் போட்டிகளுக்கான வீரர் குடியிருப்பு எழுந்தது. அது வெள்ளச் சமவெளியில் கட்டப்படுகிறது என்ற வழக்கில், அந்த இடம் நதிப்படுகையும் அன்று, வெள்ளச் சமவெளியும் அன்று என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. குடிசை இருந்தால் நதியின் இடம். அடுக்குமாடி எழுந்தால் நகரின் இடம். போட்டிகள் முடிந்தபின் அந்த வீடுகள் விற்கப்பட்டன.

2015 ஜனவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், வெள்ளச் சமவெளியில் இனி கட்டுமானம் கூடாது என்று விரிவான தீர்ப்பை அளித்தது. ஓராண்டு கழிந்து 2016 மார்ச்சில் வாழும் கலை அமைப்பின் உலகக் கலாசார விழா அதே சமவெளியில் மாபெரும் மேடையுடன் நடந்தது. அதற்குத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

பின்னர் தில்லி வளர்ச்சி ஆணையம் நதிக்கரையை மீட்டெடுக்கும் திட்டத்தில் அசிதா, பான்செரா போன்ற பூங்காக்களை அமைத்தது. மூங்கில் தோப்பு, நீர்நிலை, நடைபாதை என நல்ல முயற்சிகள். 2023 ஜூலை 13-ஆம் தேதி யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டராக உயர்ந்து, 1978-இன் உச்சமான 207.49 மீட்டரைத் தாண்டியபோது அப்பூங்காக்கள் நீரில் மூழ்கின. செங்கோட்டையின் மதில் வரை நீர் வந்தது. நதி தன் பழைய எல்லையை மறக்கவில்லை. வெள்ளச் சமவெளியில் நீர் நிற்பதில் வியப்பில்லை. பூங்காவைச் சிறிது செலவில் மீட்கலாம். அதே கரையில் காய்கறி பயிரிட்டு வந்தவர்களின் நிலைதான் வேறு. பூங்காவுக்காக நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள், வெளியேற்றப்படாமல் வெள்ளத்தில் பயிரை இழந்தவர்கள் என இரு சாராருமே ஆணையத்தின் கணக்கில் ஆக்கிரமிப்பாளர்கள்.

இத்தகைய நதிக்கரை அழகுக்கு முன்மாதிரியாக நாடெங்கும் காட்டப்படுவது ஆமதாபாதின் சபர்மதிக் கரை. 2012-இல் திறக்கப்பட்ட அந்த நடைபாதையை வடிவமைத்த பிமல் படேலின் நிறுவனமே சென்ட்ரல் விஸ்டாவின் ஆலோசகரும் ஆகும். அங்கும் கரையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தன. கான்கிரீட் கரைக்கு நடுவே நர்மதைக் கால்வாய் நீர் தேங்கி நிற்கும் அந்த அழகு மற்ற நகரங்களின் மேயர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆண்டில் சில மாதங்கள் பெருகி வரும் நதிகளுக்கு அது பொருந்துமா என்ற விவாதம்தான் நடப்பதில்லை.

சாந்தினி சௌக் சொல்லும் பாடம்

ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அமைத்த சாந்தினி சௌக் கடைவீதி, செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர். இதை நடப்பவர்களுக்கு உரியதாக்கும் திட்டம் 2021 செப்டம்பரில் நிறைவேறியது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. தொங்கிக் கிடந்த மின்கம்பிகள் மண்ணுக்கடியில் சென்றன. 1994-இல் தில்லி ஹாட்டை உருவாக்கிய பிரதீப் சச்தேவாவின் வடிவமைப்பு இது. திறப்பு விழாவுக்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

வாகன நெரிசலில் நசுங்கிக்கொண்டிருந்த ஒரு வீதியில் மனிதன் நிமிர்ந்து நடக்க முடிந்தது சாதாரண சாதனையன்று. அத்துடன் இன்னொன்றும் நடந்தது. தலைமுறைகளாக அந்த வீதியின் ஓரத்தில் கடை விரித்தவர்கள், அது நடைபாதை வணிகம் தடைசெய்யப்பட்ட பகுதி என்ற அடிப்படையில் அகற்றப்பட்டனர். பிறகு அவர்கள் திரும்புவதும் அகற்றப்படுவதுமாக வழக்குகள் தொடர்ந்தன.

இத்தனைக்கும் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நாட்டின் நகரமைப்புச் சட்டங்களிலேயே ஜனநாயகத் தன்மை மிக்கது எனலாம். எங்கு விற்கலாம், எங்கு கூடாது என்பதில் ஆலோசனை கூறும் நகர வணிகக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. ஆட்சேபம் தெரிவிப்பவராக வாசலில் நிற்கும் நிலை மாறி, முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கிறது. பூங்காவுக்கோ நதிக்கரைக்கோ ராஜபாதைக்கோ இப்படி ஒரு நாற்காலியை எந்தச் சட்டமும் வைக்கவில்லை. வைத்த இடத்திலும், சாந்தினி சௌக்கில் கண்டதுபோல, பழைய தடை உத்தரவு புதிய சட்டத்தை முந்திக்கொள்கிறது.

நல்ல தோட்டங்களே தில்லியில் இல்லையா என்றால், உண்டு. 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1968-இல் ஜோசப் ஸ்டைனும் காரெட் எக்போவும் மறுவடிவம் தந்த லோதி தோட்டத்தில் இன்றும் கட்டணமில்லை. அதற்காக ஒரு கிராமமே இடம்பெயர்ந்தது என்பது தனிக்கதை. 2018-இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரி, நிலவனப்புக் கலைஞர் முகமது ஷாஹீரின் கைவண்ணத்தில் உருவான அற்புதம். ஆனால் உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு வேண்டும். அருகே நிஜாமுதீன் பஸ்தியின் நெரிசலான சந்துகளில் வாழும் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஞாயிறுதோறும் அது எளிதன்று.

இந்நிலையில்தான் 2041-ஐ இலக்காகக் கொண்ட நான்காவது பெருந்திட்டத்தின் வரைவு 2021 ஜூனில், கரோனா இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாத வேளையில் வெளியிடப்பட்டது. தொழிலாளர் அமைப்புகளும் நகரமைப்பு வல்லுநர்களும் இணைந்த 'மே பீ தில்லி' என்ற கூட்டியக்கம் குடிசைப் பகுதிகளில் கூட்டங்கள் நடத்தி, திட்ட வாசகங்களை எளிய மொழியில் விளக்கியது. 1,292 என்ற பழைய எண்ணிக்கை இம்முறை சுமார் 33 ஆயிரமாக உயர்ந்தது. குடிமக்களுக்கு நகரமைப்பில் அக்கறை இல்லை என்ற வழக்கமான சாக்கு இத்துடன் காலாவதியாயிற்று. 2023 பிப்ரவரியில் தில்லி வளர்ச்சி ஆணையம் வரைவுக்கு ஒப்புதல் அளித்து மத்திய அமைச்சகத்துக்கு அனுப்பிவைத்தது.

11-ஏ பிரிவின்படி ஆணையம் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் 'பரிசீலிக்க' வேண்டும். நிராகரித்தால் அதற்கான காரணத்தை அனுப்பியவருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரி அந்தப் பிரிவில் இல்லை.